மீக்கடத்திச் சூடேற்றியின் முறுக்குவிசை

அலுமினிய பில்லெட்டுகளைச் (உருளை வடிவ உலோகக் கட்டிகளை) சூடாக்கும் மீக்கடத்தித் தூண்டல் சூடேற்றியைப் பற்றி எங்கே பேச்செழுந்தாலும், மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்ற கேள்வியோடு தொடங்கி அதே கேள்வியோடு முடிந்துவிடுகிறது. விற்க வருபவர் அதைத்தான் சொல்கிறார். கணக்குப் பார்க்கும் மேலாளரும் அதைத்தான் கேட்கிறார். மலேசியாவின் செபராங் பிறையில், சூடான அலுமினியத்தை அச்சின் வழியே பிழிந்து வடிவமெடுக்கும் ஓர் அச்சுப்பிழிவு ஆலையில் மின்பராமரிப்புப் பகுதியில் வேலை செய்கிறவன் என்ற முறையில், இந்த எந்திரத்தை நாளைக்கு ஓட்டப்போகிறவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு என்று நான் நினைக்கிறேன். அது முறுக்குவிசை, அதாவது ஒரு தண்டைச் சுழற்றும் அல்லது சுழலவிடாமல் தடுக்கும் விசையின் அளவு. சூடாக்கும் எந்திரத்தில் முறுக்குவிசைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பதிவு.

வழக்கமான தூண்டல் சூடேற்றியில் பில்லெட் அசையாமல் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும். மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலம் பில்லெட்டுக்குள் வட்டமிட்டுப் பாயும் சுழல் மின்னோட்டங்களை எழுப்பி அதைச் சூடாக்குகிறது. எஃகுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். அலுமினியத்துக்கும் செம்புக்கும் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: சூடாக வேண்டிய உலோகமும் சூடாகக் கூடாத சுருளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு மின்கடத்தும் தன்மை உடையவை. ஆகவே உள்ளே செல்லும் ஆற்றலில் பாதிக்குக் கிட்டத்தட்ட சுருளிலேயே வெப்பமாகி, குளிர்விக்கும் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. சுருளை, கடுங்குளிரில் மின்தடையை இழந்துவிடும் மீக்கடத்தியால் செய்துவிட்டால் இந்த இழப்பு போய்விடும் என்று தோன்றும். ஆனால் மீக்கடத்தி இழப்பின்றிக் கடத்துவது நேர்மின்னோட்டத்தை மட்டுமே. மாறுமின்னோட்டத்தில் அதற்கும் இழப்பு உண்டு. அந்த இழப்பு 20, 30 கெல்வின் (ஏறக்குறைய மைனஸ் 250 பாகை செல்சியஸ்) குளிரில் எழுவதால், அதன் ஒவ்வொரு வாட்டையும் வெளியேற்ற ஐம்பது, நூறு வாட் மின்சாரத்தைக் குளிர்விப்பானுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எனவே ஏற்பாட்டையே தலைகீழாக்கினார்கள். காந்தப்புலத்தை நிலையாக நிறுத்திவிட்டு, பில்லெட்டை அதற்குள் மோட்டார் வைத்துச் சுழற்றினார்கள். நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனத்தில் இந்தக் கருத்து வளர்க்கப்பட்டது. ஜெர்மனியில் ஸெனர்ஜி பவர், பூல்ட்மன் ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்த எந்திரம் 2008-ஆம் ஆண்டு மின்டன் நகரில் உள்ள வெசராலு ஆலையில் உற்பத்தி வேலைக்கு வந்தது. அண்மைக் காலத்தில் சீனாவில் மெகாவாட் அளவிலும் செய்திருக்கிறார்கள். அடிப்படை நிகழ்வோ மிகப் பழையது. காந்த முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுழற்றினால் சுழற்றுவதற்கு அதிக விசை தேவைப்படுவதையும், தட்டு சூடாவதையும் 1855-இல் ஃபூக்கோ காட்டிவிட்டார். அவர் கண்ட அந்த இரண்டும் ஒரே செய்தியின் இரு பக்கங்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பில்லெட்டுக்குள் சேரும் வெப்பம் முழுவதும் மோட்டாரின் தண்டு வழியாகவே வருகிறது. காந்தம் ஒரு வாட் வெப்பத்தைக்கூடத் தருவதில்லை. முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது எதுவோ அதுவே சூடாக்கும் திறன். அதாவது முறுக்குவிசை இந்த எந்திரத்தின் பக்கவிளைவு அல்ல. எந்திரம் செய்து தரும் சரக்கே அதுதான்.

இதைக் கையால் உணர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள 6063 அலுமினியக் கம்பி ஒன்றைச் சக்கில் பிடிக்கச் சொல்லி, இரும்புப் பட்டையால் இணைத்த இரண்டு நியோடிமியக் காந்தக் கட்டிகளைக் கம்பியின் இரு பக்கமும் வருமாறு டூல்போஸ்ட்டில் கட்டினேன். எஃகுத் தாடைகள் காந்தத்தைத் தம் பக்கம் இழுத்ததால் சக்கிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. படுக்கையில் கிடந்த இரும்புச் சீவல்கள் எல்லாம் எழுந்து காந்தத்தின் மேல் மயிர்போலச் சிலிர்த்து நின்றன. "காந்தம் ஒட்டாத சாமானாச்சே தம்பி, இத எப்படிப் பிடிக்கும்?" என்றார் அண்ணன். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுச் சக்கைக் கையால் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். மெதுவாகத் திருப்பினால் ஒன்றும் தெரியவில்லை. வேகமாகத் திருப்பினால் ஏதோ இடைமறிப்பதுபோன்ற மெல்லிய தடை. கையை எடுத்தால் சக் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுவிடுகிறது. நின்ற பிறகு தடை எதுவும் இல்லை. உராய்வு இப்படி நடந்துகொள்வதில்லை. தொடங்கும்போதுதான் உராய்வு அதிகமாகப் பிடிக்கும். இதுவோ வேகத்தோடு பிறந்து வேகத்தோடு மறைகிறது. பிறகு மோட்டாரைப் போட்டு ஆயிரம் சுற்றுக்கு அருகில் ஓடவிட்டோம். சில நிமிடங்கள் கழித்து நிறுத்திக் கம்பியைத் தொட்ட அண்ணன் கையைச் சட்டென்று எடுத்தார். கம்பியை எதுவும் உரசவில்லை.

இந்தத் தடை வேகத்தோடு கூடிக்கொண்டே போகுமா என்றால், போகாது. அங்கேதான் விஷயம் சுவையாகிறது. குறைந்த வேகத்தில் சுழல் மின்னோட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் எழுவதால் முறுக்குவிசையும் நேர்கோட்டில் ஏறும். வேகம் கூடக் கூட, அந்த மின்னோட்டங்கள் உண்டாக்கும் எதிர்ப்புலம் வலுத்து, வெளிப்புலத்தைக் கட்டியின் நடுப்பகுதிக்குள் நுழையவிடாமல் மேற்பரப்புக்குத் தள்ளுகிறது. எவ்வளவு ஆழம் வரை புலம் நுழைகிறதோ அதை ஊடுருவல் ஆழம் என்கிறோம். சுழற்சி அதிர்வெண்ணும் மின்கடத்துதிறனும் கூடினால் இந்த ஆழம் குறையும். ஆரத்தை ஊடுருவல் ஆழத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.77 வரும் வேகத்தில் முறுக்குவிசை உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் இறங்கத் தொடங்கி, மிக உயர்ந்த வேகங்களில் வேகத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைந்துகொண்டே போகும். தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை வளைகோட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிய படம் அல்ல. சுழலும் புலத்துக்குள் நிற்கும் ரோட்டாருக்கும், நிற்கும் புலத்துக்குள் சுழலும் கட்டிக்கும் இயற்பியலில் வேறுபாடு இல்லை.

எண்களில் பார்ப்போம். விட்டம் 200 மில்லிமீட்டர், நீளம் 700 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 59 கிலோ உள்ள அலுமினிய பில்லெட், குறுக்கே 0.5 டெஸ்லா புலம். அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 3.5 கோடி சீமென்ஸ் மின்கடத்துதிறன் என்று கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 136 சுற்று வேகத்திலேயே முறுக்குவிசை உச்சத்துக்கு வந்துவிடும். அந்த உச்சம் சுமார் 3,300 நியூட்டன் மீட்டர். இவை முடிவில்லாத நீளமுள்ள உருளை என்று வைத்துக்கொண்டு கையால் போட்ட கணக்குகள். உண்மையான கட்டியில் மின்னோட்டம் முனைகளில் வளைந்து திரும்ப வேண்டியிருப்பதால் குறைந்த வேக மதிப்புகள் இதைவிடக் குறையும், உச்சமும் சற்று மேல் வேகத்துக்கு நகரும். வளைகோட்டின் குணம் மாறாது.

இந்த உச்ச மதிப்புக்கான சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் அதில் புலத்தின் வர்க்கமும் கட்டியின் கனஅளவும் மட்டுமே நிற்கின்றன. மின்கடத்துதிறன் காணாமல் போய்விடுகிறது. அலுமினியமோ செம்போ, குளிர்ந்ததோ கொதிப்பதோ, அதே அளவுள்ள கட்டிக்கு அதே புலத்தில் உச்ச முறுக்குவிசை ஒன்றேதான். உலோகமும் வெப்பநிலையும் தீர்மானிப்பதெல்லாம் அந்த உச்சம் எந்த வேகத்தில் வரும் என்பதை மட்டுமே. பழைய ஸ்லிப்ரிங் மோட்டார் வைத்த கிரேன்களைப் பராமரித்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: ரோட்டாரில் தடையைக் கூட்டினால் அதிகபட்ச முறுக்குவிசை மாறாது, அது வரும் வேகம்தான் மாறும். இந்த ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டால் மீக்கடத்திச் சூடேற்றியின் மற்ற நடத்தைகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

சூடேறச் சூடேற முறுக்குவிசை கூடலாம் என்று நான் எழுதி வைத்திருந்ததை எங்கள் பகுதியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் படித்துவிட்டு, "அண்ணே, சூடானா ரெசிஸ்டன்ஸ் கூடும், கரண்ட் குறையும். அப்ப டார்க்கும் குறையணுமே, எப்படிக் கூடுதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கூடும் என்பதும் சரி, குறையும் என்பதும் சரி. நாம் வளைகோட்டின் எந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. மேலே சொன்ன 200 மில்லிமீட்டர் கட்டியை நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். குளிர்ந்த நிலையில் உச்சம் 136 சுற்றில் இருப்பதால் நாம் உச்சத்துக்கு வெகுதூரம் வலப்பக்கத்தில், அதாவது உச்சம் வரும் வேகத்தைவிட மிக அதிக வேகத்தில், இருக்கிறோம். புலம் மேற்பரப்பில் 24 மில்லிமீட்டர் அளவுக்கே நுழைகிறது. முறுக்குவிசை சுமார் 1,850 நியூட்டன் மீட்டர், திறன் 145 கிலோவாட். கட்டி 480 பாகை செல்சியஸை நெருங்கும்போது மின்தடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. உச்சமும் இரண்டரை மடங்கு வேகத்துக்கு, அதாவது 340 சுற்றுக்கு அருகில் நகர்ந்து நம்மை நோக்கி வந்துவிடுகிறது. நாம் வேகத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் முறுக்குவிசை 2,670 நியூட்டன் மீட்டருக்கும், திறன் 210 கிலோவாட்டுக்கும் ஏறிவிடுகின்றன. மின்னோட்ட அடர்த்தி குறைந்தாலும், அது பாயும் பகுதி ஆழமாகிவிட்டது, எதிர்ப்புலமும் தளர்ந்துவிட்டது.

இப்போது அதே சூடேற்றியில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டியை ஏற்றுவோம். உச்சம் வரும் வேகம் ஆரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுவதால், குளிர்ந்த நிலையில் 545 சுற்றிலும், சூடான நிலையில் 1,360 சுற்றுக்கு அருகிலும் உச்சம் அமைகிறது. அதே 750 சுற்றில் ஓட்டினால் தொடக்கத்தில் உச்சத்தை ஒட்டி வலப்பக்கத்தில் 780 நியூட்டன் மீட்டரில் இருப்போம். சூடேறச் சூடேற உச்சம் நம்மைத் தாண்டிப் போய்விட, இடப்பக்கத்தில் 700 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுவோம். பெரிய கட்டியில் சூட்டோடு ஏறிய முறுக்குவிசை சின்னக் கட்டியில் சூட்டோடு இறங்குகிறது. மோட்டார் மின்னோட்டத்தைப் பார்த்துக் கட்டியின் சூட்டை மதிப்பிடலாம் என்று யாராவது சொன்னால், எந்த விட்டத்துக்கு என்று முதலில் கேட்க வேண்டும். டைட்டேனியக் கலவைகள் இன்னும் ஒரு படி விலகி நிற்கின்றன. அவற்றின் மின்தடை அலுமினியத்தைவிடப் பல பத்து மடங்கு என்பதால் 200 மில்லிமீட்டர் கட்டிக்கும் உச்சம் எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்; அந்த வேகத்தில் யாரும் ஓட்டப்போவதில்லை, ஆகவே நாம் எப்போதும் நேர்கோட்டுப் பகுதியிலேயே இருப்போம். அங்கே ஓட்டக்கூடிய வேகத்தின் எல்லையை எட்டிய பிறகும் திறனைக் கூட்ட வேண்டுமானால் புலத்தைக் கூட்டுவதுதான் வழி.

மோட்டாரைத் தேர்வு செய்பவருக்கு உண்மையான தலைவலி ஓடும் வேகத்தில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. 750 சுற்றில் 1,850 நியூட்டன் மீட்டர் போதும் என்றாலும், பூச்சியத்திலிருந்து அந்த வேகத்துக்குப் போகும் வழியில் 136 சுற்றில் 3,300 நியூட்டன் மீட்டர் மேட்டைக் கடந்தே ஆக வேண்டும். கட்டியின் நிலைமம் இங்கே ஒரு பொருட்டே இல்லை: 59 கிலோ கட்டியின் நிலைமத் திருப்புத்திறன் 0.3 கிலோகிராம் சதுரமீட்டர்தான், அதை இரண்டே விநாடியில் முழு வேகத்துக்குக் கொண்டுவர 12 நியூட்டன் மீட்டர் போதும். மீதி எல்லாம் காந்தத்தின் பிடி. எங்கள் எடுத்துக்காட்டில் 50 ஹெர்ட்ஸ், நான்கு முனை, 200 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டாரை இரண்டுக்கு ஒன்று என்ற வேக விகிதத்தில் இணைத்தால் தண்டில் ஏறக்குறைய 2,700 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் சிறிது நேரத்துக்குத் தரும் கூடுதல் மின்னோட்டத்தால் மேட்டைத் தாண்டிவிடலாம். மேட்டின் உச்சியில் வேகம் மிகக் குறைவு என்பதால் திறன் 47 கிலோவாட்டுக்கு மேல் போவதில்லை. மோட்டாரின் சுருள் அந்தப் பாரத்தை உணரும்; அரைமணி நேரச் சராசரியில் உச்சத் தேவையைக் கணக்கிடும், மின்சார நிறுவனமான தெனாகாவின் மீட்டர் அதை உணராது.

மேட்டைத் தாண்டிய பிறகு இன்னொரு குணம் தெரியவரும். வலப்பக்கத்தில் வேகம் கூடினால் பாரம் குறைகிறது, வேகம் குறைந்தால் பாரம் கூடுகிறது. பம்பும் மின்விசிறியும் இப்படி இல்லை; அவற்றில் வேகம் தளர்ந்தால் பாரமும் தளர்ந்து கொடுக்கும். இங்கே மின்னழுத்தம் சற்றே சரிந்து வேகம் குறைந்தால், பாரம் கூடி வேகத்தை இன்னும் கீழே இழுக்கும். முறுக்குவிசையை நிலையாக வைக்கும் முறையில் இன்வெர்ட்டரை அமைத்தால் எந்திரம் வலப்பக்கத்தில் நிற்காது. ஒன்று மேலே ஓடிவிடும், அல்லது மேட்டைத் தாண்டி இடப்பக்கத்துக்குச் சரிந்துவிடும். ஆகையால் வேகத்தை அளந்து திருத்தும் மூடிய கட்டுப்பாடு இதற்குக் கட்டாயம் தேவை. வேகத்தை அளக்கும் என்கோடரை வைக்காமல் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனையை இந்த எந்திரத்தில் நான் ஏற்கமாட்டேன்.

தொடங்கும்போது காந்தப்புலத்தை அணைத்துவிட்டு, வேகம் பிடித்த பிறகு போட்டால் என்ன என்று தோன்றலாம். மீக்கடத்திச் சுருள் விளக்கைப்போல அணைத்துப் போடுகிற பொருள் அல்ல. அதன் தூண்டுதிறன் மிகப் பெரியது. மின்னோட்டத்தை வேகமாக மாற்றினால் உள்ளே இழப்பு எழுந்து, குளிர்விப்பான் தாங்க முடியாத வெப்பம் சேரும். ஒவ்வொரு பில்லெட்டுக்கும் ஒருமுறை ஏற்றி இறக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் சுருளின் மின்னோட்டத்தைத் தொடாமல், புலத்தைக் கட்டிக்குக் கொண்டுவரும் இரும்பு உள்ளகத்தின் முனைகளை நகர்த்திக் காற்றிடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். இடைவெளி விரிந்திருக்கும்போது கட்டியிடத்தில் புலம் பாதியானால் மேடு கால்பங்காகிவிடும். விட்டம் மாறும்போதும் இதே ஏற்பாடு கைகொடுக்கிறது. நீளவாக்கில் புலத்தைச் சற்றே மாற்றி வைத்து, பில்லெட்டின் முன்முனையைப் பின்முனையைவிடச் சூடாக எடுக்கவும் முடிகிறது. புலத்தில் பத்து விழுக்காடு வேறுபாடு வெப்பத்தில் இருபத்தொரு விழுக்காடாகத் தெரியும் என்பதால் சிறிய மாற்றமே போதும். அச்சுப்பிழிவில் இந்தச் சாய்வுச் சூட்டின் அருமை, கட்டியைப் பிழியும் பிரஸ்ஸை ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

புலம் வலுவாக இருந்தால் எல்லாம் நல்லதுதானே என்றும் சொல்ல முடியாது. 0.5 டெஸ்லாவை ஒரு டெஸ்லாவாக்கினால் உச்ச முறுக்குவிசை நான்கு மடங்காகி 13,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சூடான கட்டிக்கு அதே 200 கிலோவாட்டை 175 சுற்று வேகத்திலேயே கொடுத்துவிடலாம். மெதுவாகச் சுழலும்போது ஊடுருவல் ஆழம் கூடுவதால் உள்ளும் புறமும் இன்னும் சீராகச் சூடாகும். ஆனால் அந்த வேகத்தில் தண்டு தாங்க வேண்டியது ஏறக்குறைய 11,000 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ், இணைப்பி, பேரிங் எல்லாம் அதற்கேற்பப் பெருக்கும். கடைசியில் அந்த விசையைப் பில்லெட்டுக்குள் செலுத்த வேண்டியது இரு முனைகளையும் பிடிக்கும் கவ்விகள். கட்டியோ 480 பாகையில் அதன் வலிமையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட மெத்தென்ற உலோகம். இரு முனையிலும் சமமாகச் சுழற்றினால் 0.5 டெஸ்லாவில் கட்டியின் மேற்பரப்பில் வரும் சறுக்குத் தகைவு ஒரு மெகாபாஸ்கல்தான். அது கவலைக்குரியது அல்ல. கவலை கவ்வியின் பற்கள் பதியும் இடத்தில். அங்கே அழுத்தம் குறுகிய பரப்பில் குவிவதால் உலோகம் நசுங்கும், பிடி தளரும். போதாததற்குக் கட்டி சூடேறும்போது நீளவாக்கில் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் விரியும். கவ்வி அந்த அளவுக்குப் பின்வாங்கிக்கொண்டே பிடியை விடாமலும் இருக்க வேண்டும். அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ஹைட்ராலிக் சுற்று இல்லாத எந்திரத்தை யாராவது காட்டினால், அதன் திறனளவைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எதிர்விசை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டியின் மேல் 3,300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை செயல்பட்டால் காந்தத்தின் மேலும் எதிர்த்திசையில் அதே அளவு செயல்படும். சாதாரணச் செப்புச் சுருளாக இருந்தால் நாலு பெரிய போல்ட்டுகளால் அடித்தளத்தோடு இறுக்கிவிடலாம். மீக்கடத்திச் சுருள் வெற்றிடக் கலத்துக்குள், வெளிச்சூட்டோடு தொடர்பே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய பொருள். தாங்கிகளைத் தடிமனாக்கினால் அவற்றின் வழியே வெப்பம் உள்ளே கசியும். மெலிதாக்கினால் முறுக்குவிசையைத் தாங்காது. இந்தச் சிக்கலுக்கு அழகான விடை இரும்பு உள்ளகம். காந்தப்பாயம் இரும்பின் வழியே கட்டிக்கு வந்தால் விசையின் பெரும்பங்கு அறை வெப்பநிலையில் நிற்கும் இரும்பின் மேலேயே விழும். சுருளின் தாங்கிகளுக்கு மிஞ்சுவது சிறு பங்கு. இரும்பால் எடை கூடுகிறது, புலத்தின் அளவுக்கும் ஒரு மேல்வரம்பு வந்துவிடுகிறது. ஆலையில் நாள்தோறும் அடிபடும் எந்திரத்துக்கு இந்த விலை கொடுக்கத் தக்கதே என்பது என் கருத்து.

சீரான வேகத்தில் வட்டமான கட்டி சுழலும்வரை சுழல் மின்னோட்டங்கள் உண்டாக்கும் புலமும் வெளியிலிருந்து பார்க்க அசையாமல் நிற்கிறது; சுருளுக்கு மாறுபுலம் எதுவும் தெரிவதில்லை, முறுக்குவிசையிலும் அதிர்வு இல்லை. வளைந்த கட்டி, மையம் விலகிப் பிடிக்கப்பட்ட கட்டி, கவ்வியில் வழுக்கி வழுக்கிச் சுழலும் கட்டி ஆகியவைதான் இந்த அமைதியைக் குலைக்கின்றன. அப்போது முறுக்குவிசை துடிக்கும். துடிப்பு சுருளுக்குள் மாறுபுலமாகப் போய்ச் சேர்ந்து குளிர்விப்பானின் பாரத்தைக் கூட்டும். பில்லெட்டை அறுக்கும் ரம்பத்தின் தரமும் மீக்கடத்தியின் வெப்பநிலையும் இப்படி ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன.

கடைசியாக மின்தடங்கல். மாலை இடி மழையில் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து இன்வெர்ட்டர்கள் விழுவது இந்தப் பக்கத்து ஆலைகளுக்குப் பழகிப்போன ஒன்று. சுழலும் பெரிய எந்திரம் என்றதும், தானாக நிற்க எவ்வளவு நேரமாகும், அதுவரை யாரும் பக்கத்தில் போகாமல் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி பாதுகாப்புக் குழுவில் முதலில் எழும். இங்கே நிலைமை நேர்மாறு. மீக்கடத்திச் சுருளின் புலம் மின்சாரம் போன கணத்திலேயே மறைவதில்லை. எனவே பில்லெட்டே தடுப்பானாக வேலை செய்கிறது. கட்டியில் சேமித்த இயக்க ஆற்றல் ஒரு கிலோஜூலுக்கும் கீழ். மோட்டார் ரோட்டாரில் இருப்பது சில பத்து கிலோஜூல். இருநூறு கிலோவாட் அளவில் அதை உறிஞ்சும் தடுப்பு இருக்கும்போது எல்லாம் ஒரு விநாடிக்குள் வேகமிழந்துவிடும். நிற்கும் வழியில் மறுபடியும் அந்த மேடு குறுக்கிடும், ஆனால் எவ்வளவு திடீரென்று நின்றாலும் காந்தம் கொடுக்கக்கூடிய தடுப்பு உச்ச மதிப்பைத் தாண்டாது. கவ்வியையும் இணைப்பியையும் அந்த உச்சத்துக்குத் தக்க வலிமையோடு செய்திருந்தால் மின்தடங்கலால் அவை முறியாது.

ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போது இரண்டு படங்களைக் கேட்டு வாங்குவது நல்லது என்பேன்: நம் ஆலையில் ஓடும் மிகச் சிறிய விட்டத்துக்கும் மிகப் பெரிய விட்டத்துக்கும், குளிர்ந்த நிலையிலும் பிழிவு வெப்பநிலையிலும் அளந்தெடுத்த முறுக்குவிசை வளைகோடுகள் ஒன்று, அவற்றின் மேலேயே வரையப்பட்ட மோட்டாரின் வளைகோடு மற்றொன்று. மோட்டாரின் கோடு எல்லா மேடுகளுக்கும் மேலே போகிறதா, அல்லது காற்றிடைவெளியை விரித்தால்தான் தாண்டுமா என்பது அதில் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படி விரித்துத்தான் தாண்ட முடியும் என்றால், விரிக்கவும் மூடவும் பில்லெட் ஒன்றுக்கு எத்தனை விநாடி பிடிக்கும் என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். 59 கிலோ கட்டியை 480 பாகைக்குக் கொண்டுபோக வேண்டிய 27 மெகாஜூலை 200 கிலோவாட்டில் கொடுக்க இரண்டேகால் நிமிடம் ஆகிறது. இடைவெளியை நகர்த்துவதில் அரை நிமிடம் போனால், பிரஸ்ஸின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இரண்டாவது சுழல்தண்டு ஒன்று தேவைப்படும்.